வீட்டுத் தோட்டத்தில் சீமைமாதுளை மரம்: நடவு முதல் அறுவடை வரை

பிரிட்டனில் வீட்டின் பின்புறம் சிறியதொரு தோட்டம் வைத்திருப்பவர்கள், ஒரே ஒரு பழமரத்துக்குத்தான் இடமிருக்கிறது, எதை நடலாம் என்று கேட்டால், நான் தயங்காமல் சொல்வது சீமைமாதுளையைத்தான். ஆங்கிலத்தில் குயின்ஸ் என்றும் உருது வழக்கில் பிஹி என்றும் அழைக்கப்படும் இம்மரத்தின் தாவரவியல் பெயர் சிடோனியா ஒப்லாங்கா. ஆப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் நெருங்கிய உறவான இது ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிள் மரம் பெரும்பாலும் மகரந்தத்துக்கு வேறொரு வகை ஆப்பிளை அருகில் எதிர்பார்க்கும். சீமைமாதுளை தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் என்பதால் ஒற்றை மரம் போதும். நான்கு மீட்டர் உயரத்தைப் பெரும்பாலும் தாண்டாது. மற்றப் பழமரங்கள் பூத்து ஓய்ந்த பிறகே பூப்பதால் வசந்தகாலப் பனியிடம் பூக்களைப் பறிகொடுப்பதும் குறைவு. பேரங்காடிகளில் இப்பழம் அரிதாகவே கிடைக்கிறது. இலையுதிர்காலத்தில் துருக்கி, ஈரான் நாட்டவர் நடத்தும் மளிகைக் கடைகளில் சில வாரங்கள் மட்டும் தென்படும். ஆகவே வேண்டிய அளவு பழம் கைக்கு வர, வீட்டில் ஒரு மரம் இருப்பதே நல்ல வழி.

காக்கசஸ் மலைப்பகுதியும் வட ஈரானும் இதன் பூர்வீகம். இங்கிலாந்தில் 1275ஆம் ஆண்டையொட்டி மன்னர் முதலாம் எட்வர்டு லண்டன் கோட்டையில் இம்மரங்களை நடச் செய்ததாகப் பதிவு இருக்கிறது. அந்நாட்டில் இம்மரத்தைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் அது ஒன்று. இன்று உலகில் இதை மிக அதிகமாக விளைவிக்கும் நாடு துருக்கி. இந்தியாவில் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் இது விளைகிறது.

இந்த வழிகாட்டி தென் இங்கிலாந்தின் தட்பவெப்பத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்குவதும், கோடையில் மிதமான வெயிலில் நீண்டகாலம் காய் முதிர்வதும் இம்மரத்தின் இயல்பு. மைனஸ் 15 டிகிரி வரையிலான குளிரை வளர்ந்த மரம் தாங்கும். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் மரம் வளரும், ஆனால் காய் முதிர்வதற்கு வெயில் போதாமல் போகும் ஆண்டுகள் உண்டு. அங்கே தெற்கு நோக்கிய சுவரை ஒட்டி நடுவது நல்லது. தமிழ்நாட்டுச் சமவெளியில் இதற்குத் தேவையான குளிர்கால உறக்கம் கிடைக்கவே கிடைக்காது. இணையத்தில் கன்று விற்பனைக்கு வருகிறது என்பதற்காக அங்கே வாங்கி நட வேண்டாம்.

கன்றைத் தேர்ந்தெடுத்தல்

வாங்கும் முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். பூங்காக்களிலும் வேலிகளிலும் மார்ச் மாதத்தில் இலையற்ற முட்குச்சிகளில் செக்கச்செவேலெனப் பூக்கும் ஜப்பானியக் குயின்ஸ் என்ற புதர்ச்செடி வேறு. அதன் தாவரவியல் பெயர் கெனோமெலிஸ். அதிலும் சிறிய மணமுள்ள காய்கள் பிடிக்கும், அவற்றைக் கொண்டு ஜெல்லியும் செய்வார்கள். ஆயினும் இங்கே பேசப்படும் மரம் அது அன்று. விலைச்சீட்டில் சிடோனியா என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பிரிட்டன் நர்சரிகளில் பரவலாகக் கிடைக்கும் வகை வ்ரான்யா. தென் செர்பியாவின் வ்ரான்யே நகரத்தின் பெயரைத் தாங்கிய இது நிமிர்ந்து வளரும், அரைக் கிலோவைத் தாண்டும் பெரிய பழங்களைக் கொடுக்கும், மணமும் மிகுதி. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 19ஆம் நூற்றாண்டில் பரவிய மீச்சஸ் ப்ரோலிஃபிக் இளவயதிலேயே காய்க்கத் தொடங்கும். பழம் பேரிக்காய் வடிவில் இருக்கும். சாம்பியன் என்ற வகையின் சுவை சற்று மென்மையானது. போர்ச்சுகல் என்ற பழைய வகை, சமைக்கும்போது மிக ஆழ்ந்த சிவப்பு நிறம் பெறுவதற்குப் பெயர்பெற்றது, ஆனால் குறைவாகவே காய்க்கும். செர்பியன் கோல்ட் என்ற வகை இலைக்கருகல் நோயை ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்பதால், கோடையிலும் மழை ஓயாத மேற்குப் பகுதிகளில் வசிப்பவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். மற்றவர்களுக்கு, வேறு யோசனையே வேண்டாம், வ்ரான்யா.

கன்றுகள் பெரும்பாலும் ஒட்டுக்கன்றுகளாகவே வரும். கெண்ட் மாகாணத்தின் ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையம் தரப்படுத்திய குயின்ஸ் ஏ, குயின்ஸ் சி ஆகிய வேர்ச்செடிகளின் மீது ஒட்டியிருப்பார்கள். பேரிக்காய் மரங்களைக் குட்டையாக வளர்ப்பதற்கும் இதே வேர்ச்செடிகள்தாம் பயன்படுகின்றன. குயின்ஸ் ஏ வேரில் மரம் ஏறக்குறைய 4 மீட்டரும், குயின்ஸ் சி வேரில் ஏறக்குறைய 3 மீட்டரும் வளரும். சிறிய தோட்டத்துக்கு இரண்டாவது பொருந்தும், ஆனால் அதற்கு வளமான மண் வேண்டும். மண் சுமாராக இருந்தால் ஏ வேரையே தேர்ந்தெடுங்கள்.

இடமும் மண்ணும்

நாள்தோறும் குறைந்தது ஆறு மணிநேரம் வெயில் படும் இடமாகவும், பலத்த காற்று நேராக மோதாத இடமாகவும் இருக்க வேண்டும். இம்மரத்தின் வேர்கள் ஆழமாகச் செல்லாமல் மேல்மண்ணிலேயே நெருக்கமாகப் பரவுவதால், காற்றும் வறட்சியும் இதை எளிதில் பாதிக்கும். சுற்றியுள்ள மரங்களிலிருந்து 3.5 முதல் 4.5 மீட்டர் இடைவெளி விடுவது நல்லது. தோட்டத்தின் மிகத் தாழ்ந்த மூலையில் குளிர்காற்று தேங்கி நிற்கும் என்பதால் அவ்விடத்தைத் தவிர்க்க வேண்டும்.

சற்றே அமிலத்தன்மையுள்ள, ஈரம் காக்கும் கனமான மண்ணை இம்மரம் விரும்பும். மற்றப் பழமரங்கள் வாடிப்போகும் ஈரமான களிமண்ணிலும் இது தாக்குப்பிடிக்கும். ஓடைக்கரைகளிலும் குளக்கரைகளிலும் பழைய சீமைமாதுளை மரங்கள் செழித்து நிற்பதற்கு அதுவே காரணம். ஆனால் குளிர்காலம் முழுவதும் தண்ணீர் தேங்கி நிற்கும் குழியில் எந்த வேரும் பிழைக்காது. சுண்ணாம்புப் பாறை மீதமைந்த மண்ணில் நட்டால் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் உள்ள இரும்புச்சத்தைச் சுண்ணாம்பு கட்டிப்போடுவதால் வரும் குறை அது. ஆண்டுதோறும் மட்கு உரம் இட்டு வந்தால் ஓரளவு சரியாகும். கடுமையான சுண்ணாம்பு மண் என்றால் தொட்டியில் வளர்ப்பதே மேல்.

நடவு

நவம்பர் முதல் மார்ச் வரை மரம் உறங்கும் காலத்தில், மண் நீக்கிய வேருடன் கன்றுகள் விற்பனைக்கு வரும். தொட்டிக் கன்றைவிட இவை மலிவானவை, விரைவாகவும் வேர்பிடிக்கும். மண் உறைந்தோ சகதியாகவோ இல்லாத ஒரு நாளில் நடலாம். தொட்டிக் கன்றை ஆண்டின் எந்த மாதத்திலும் நடலாம் என்றாலும், கோடையில் நட்டால் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு இருமடங்காகும்.

கன்று வந்ததும் வேர்களை ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மணிநேரம் ஊறவைத்து, முறிந்த வேர்களை வெட்டிவிடுங்கள். வேர்ப் பரப்பைப் போல் மூன்று மடங்கு அகலமும், வேரின் உயரத்துக்கு மிகாத ஆழமும் கொண்ட குழி தோண்ட வேண்டும். ஆழமான குழியில் மண் பின்னர் அமிழ்ந்து மரமும் கீழே இறங்கிவிடும். களிமண்ணில் குழியின் பக்கங்கள் மண்வெட்டி பட்டு வழவழப்பாகிவிடும். அவற்றைத் தோட்ட வேலைக்கான முள்கரண்டியால் குத்திக் கிளறிவிட்டால்தான் வேர் வெளியே ஊடுருவும். குழிக்குள் மட்கு உரத்தை நிரப்ப வேண்டாம். குழி மட்டும் வளமாக இருந்தால் வேர்கள் அதைவிட்டு வெளியேறாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். தோண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள்.

முட்டுக்கொம்பைக் கன்றுக்கு முன்னதாகவே நட்டுவிட வேண்டும். பிறகு அடித்தால் வேரைக் குத்தும். பிரிட்டனில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால் கொம்பு அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். நர்சரியில் இருந்தபோது மண் நின்ற கறை தண்டில் தெரியும்; அதே மட்டத்தில் கன்றை நிறுத்துங்கள். ஒட்டுப் போட்ட முண்டு மண்ணுக்கு மேல் ஒரு சாணாவது உயர்ந்து நிற்க வேண்டும். மண்ணைச் சிறிது சிறிதாகப் போட்டு, கன்றை மெல்ல அசைத்து வேர்களுக்கிடையே மண் இறங்கச் செய்து, காலால் மிதமாக மிதித்து இறுக்குங்கள். தண்டின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் அகலமான ரப்பர் பட்டையால் கொம்போடு கட்டிவிட்டு, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள்.

கடைசியாக, மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்தில் புல்லை அகற்றி, 5 முதல் 7 செ.மீ. கனத்துக்கு மரத்தூளோ மட்கோ மூடாக்காகப் பரப்ப வேண்டும். மூடாக்கு தண்டைத் தொடக் கூடாது. ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால் பட்டை அழுகும். மேல்மண்ணில் பரவும் இந்த வேர்களோடு புல் போட்டியிடுவது மரத்தின் வளர்ச்சியை எவ்வளவு குறைக்கிறது என்பதைப் பலர் உணர்வதில்லை. புல்தரைக்கு நடுவே வட்டம் வெட்டாமல் நடப்பட்ட கன்று ஆண்டுகள் கடந்தும் குச்சியாகவே நிற்கும். முதல் நான்கு ஆண்டுகளாவது அந்த வட்டத்தைச் சுத்தமாக வைத்திருங்கள்.

தொட்டியில் வளர்ப்பவர்கள் 45 முதல் 50 செ.மீ. அகலமுள்ள தொட்டியில், தோட்டமண் கலந்த கனமான கலவையில், குயின்ஸ் சி வேரிலான கன்றை நடலாம். வெப்பமான நாட்களில் தினமும் தண்ணீர் வேண்டும்.

தண்ணீரும் உரமும்

நட்ட பிறகு வரும் முதல் மூன்று கோடைகளில், மழையில்லாத வாரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வாளித் தண்ணீரை ஒரே முறையாக மெதுவாக ஊற்றுங்கள். தினமும் சிறிது தெளிப்பதால் மண்ணின் மேற்பரப்பு மட்டுமே நனையும். வளர்ந்த மரத்துக்கும் ஜூலை, ஆகஸ்டு மாத வறட்சியில் தண்ணீர் தேவை. காய் பருக்கும் காலத்தில் மண் காய்ந்து, பிறகு திடீரென்று கனமழை பெய்தால், உள்ளே சதை வேகமாகப் பருக்கும். தோல் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் வெடிக்கும். வெடித்த இடத்தில் பூஞ்சை நுழையும். பழம் கைக்கு வராமல் போவதற்கான காரணங்களில் பாதி, கோடையில் மரம் தாகத்தோடு நின்றதில்தான் இருக்கிறது.

உரத்தைப் பொறுத்தவரை இம்மரம் அதிகம் கேட்பதில்லை. பிப்ரவரி இறுதியில், எலும்புத்தூள், மீன்தூள் கலந்த பொதுவான உரத்தைச் சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி வீதம் கிளைகள் கவிந்த பரப்பு முழுவதும் தூவி, அதன் மேல் மூடாக்கைப் புதுப்பித்தால் போதும். நைட்ரஜன் மிகுந்த உரங்கள் வேண்டாம்; அவை கிளப்பும் நீண்ட மென்மையான தளிர்களைத்தான் நோய்கள் முதலில் தேடி வரும்.

கவாத்து

இம்மரத்தைக் கையாள்வதில் தவறு மிகுதியாக நிகழும் இடம் இதுதான். ஆகவே வெட்டத் தொடங்குமுன் இம்மரம் எங்கே காய்க்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் மாதத்தில் ஒரு கிளையின் அருகில் சென்று கவனியுங்கள். சென்ற ஆண்டு வளர்ந்த குச்சியின் நுனியிலும் அதற்குக் கீழேயுள்ள இரண்டொரு கணுக்களிலும் மொட்டு விரிந்து முதலில் இலைகள் வெளிவரும். அவற்றின் அடிப்பக்கம் முழுவதும் சாம்பல் கலந்த வெண்ணிறப் பூம்பஞ்சு படிந்திருக்கும். அந்தத் தளிர் சில சென்டிமீட்டர் நீண்ட பிறகே, அதன் உச்சியில் ஒரே ஒரு பூமொட்டு தலைகாட்டும். மடித்த குடைபோல் முறுக்கிச் சுருண்டிருக்கும் அதன் இதழ்களின் விளிம்பில் இளஞ்சிவப்புக் கோடுகள் சுற்றிச் செல்லும். விரிந்ததும் ஏறக்குறைய 5 செ.மீ. அகலத்தில், வெளிர் ரோஜா நிறத்தில், ஐந்து இதழ்ப் பூவாக நிற்கும். இலைகளுக்குப் பிறகு பூ வருவதால்தான் மரம் தாமதமாகப் பூக்கிறது.

இதிலிருந்து தெரிவது, குச்சிகளின் நுனியில்தான் அந்த ஆண்டின் விளைச்சல் இருக்கிறது என்பது. ஆப்பிள் மரத்துக்குப் பழகிய கையோடு குளிர்காலத்தில் எல்லாக் குச்சிகளின் நுனியையும் ஒரே சீராக நறுக்கினால், அடுத்த ஆண்டுக் காய்களை நாமே வெட்டி எறிந்தவர்களாவோம். வேலி வெட்டும் இயந்திரத்தை இம்மரத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

முதல் மூன்று குளிர்காலங்களில் செய்யும் கவாத்து மரத்தின் உருவத்தை அமைப்பதற்கானது. ஒற்றைத் தண்டாக வந்த கன்றை நட்டவுடன் தரையிலிருந்து 75 முதல் 90 செ.மீ. உயரத்தில் வெட்டிவிடுங்கள். அடுத்த குளிர்காலத்தில், நாற்புறமும் பரந்து, தண்டோடு அகன்ற கோணத்தில் சேரும் நான்கைந்து கிளைகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றை வெளிநோக்கிய மொட்டுக்கு மேலே பாதியாகக் குறைக்க வேண்டும். நடுவில் நேராக எழும் தண்டை நீக்கிவிட்டால் மரத்தின் உட்புறம் திறந்திருக்கும். அதற்கடுத்த குளிர்காலத்தில் புதிய வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் சட்டகம் அமைந்துவிடும். இம்மரத்தின் கிளைகள் கோணலும் மாணலுமாகத் திரும்புவது இயல்பு. அதை நேராக்க முயல வேண்டாம். அடுக்கடுக்காகக் கம்பியில் கட்டி வளர்க்கும் முறைக்கும் இது ஒத்துவராது. சுவரை ஒட்டி விசிறி வடிவில் வளர்க்கலாம்.

அதன்பின் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் செய்ய வேண்டியது கொஞ்சமே. காய்ந்த, நோயுற்ற, ஒன்றோடொன்று உரசும் கிளைகளை அடியோடு நீக்குங்கள். உட்புறம் நெருக்கமாகிவிட்டால் பழைய கிளைகளில் ஒன்றிரண்டை அவை தொடங்கும் இடத்திலேயே வெட்டியெடுங்கள். ஓர் ஆண்டில் மரத்தின் கால்பங்குக்கு மேல் வெட்டினால், அது பூக்காமல் செங்குத்தான நீர்க்குச்சிகளாகக் கிளம்பிவிடும். அடித்தண்டிலிருந்தும் வேரிலிருந்தும் எழும் பக்கக்கன்றுகளைக் கத்தரியால் வெட்டுவதைவிட, இளசாக இருக்கும்போதே கையால் பிய்த்து எடுப்பது நல்லது. பிய்த்த இடத்தில் மீண்டும் துளிர்ப்பது குறைவு.

பூவும் பிஞ்சும்

ஏப்ரல் இறுதியிலிருந்து மே வரை பூக்கும். அந்நாட்களில் இரவுப் பனி எச்சரிக்கை வந்தால், சிறிய மரத்தை மெல்லிய தோட்டத்துணியால் மூடி, தேனீக்கள் வருவதற்காகக் காலையில் துணியை எடுத்துவிடுங்கள். நட்ட மூன்றாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டுக்குள் முதல் காய்ப்பைக் காணலாம். மிக இளைய மரத்தில் பிடிக்கும் பிஞ்சுகளில் ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிட்டால் மரத்தின் பலம் வேருக்கும் கிளைக்கும் போகும். வளர்ந்த மரத்தில் பிஞ்சு கிள்ள வேண்டியதில்லை. வ்ரான்யா போன்ற பெரும்பழ வகைகளில் மட்டும், கனம் தாங்காமல் வளையும் கிளைக்குச் செப்டம்பரில் ஒரு கவைக்கொம்பை முட்டுக் கொடுங்கள்.

நோய்களும் பூச்சிகளும்

பிரிட்டனில் சீமைமாதுளை வளர்ப்பவருக்குப் பெரும் தொல்லை தருவது இலைக்கருகல். இது ஒரு பூஞ்சை நோய். ஜூன் மாத வாக்கில் இலைகளில் ஊசிமுனை அளவில் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றி, பிறகு கருத்து, ஒன்றோடொன்று கலந்து, இலை மஞ்சளாகி உதிரும். கடுமையான ஆண்டுகளில் ஆகஸ்டிலேயே மரம் மொட்டையாகிவிடும். காய்களிலும் கரும்புள்ளிகள் விழுந்து அவை வெடித்துக் கோணும். மழை மிகுந்த கோடையில் இது பரவும் வேகத்தை எதனாலும் முழுமையாகத் தடுக்க முடியாது. வீட்டுத் தோட்டத்தில் தெளிக்க அனுமதிக்கப்பட்ட மருந்தும் பிரிட்டனில் இதற்கு இல்லை. ஆகவே நம் கையில் இருப்பது தூய்மையும் காற்றோட்டமும்தான். உதிர்ந்த இலைகளை ஒன்றுவிடாமல் வாரி அகற்றுங்கள். இப்பூஞ்சை குளிர்காலத்தில் நோயுற்ற குச்சிகளிலும் தங்கியிருப்பதால், இலைகளை வாரியதோடு நின்றுவிடாமல், கருகிய நுனிகளைக் குளிர்கால உறக்கத்தின்போது நல்ல பகுதி வரை வெட்டி எடுக்க வேண்டும். சட்டகம் அமைந்துவிட்ட மரத்தில் நுனியை வெட்டுவதற்கு நியாயமான காரணம் நோய் ஒன்றே. தண்ணீரை வேரில் மட்டும் ஊற்றுங்கள், இலை மீது தெளிக்க வேண்டாம். மரத்தின் உட்புறம் திறந்திருந்தால் மழைக்குப் பிறகு இலைகள் விரைவில் உலரும். அதுவே பெரிய பாதுகாப்பு.

தீக்கருகல் அரிதாக வந்தாலும் மரத்தையே கொல்லக்கூடியது. பாக்டீரியாவால் வரும் இந்நோயில் பூக்களும் தளிர் நுனிகளும் தீயில் வாட்டியதுபோல் கருத்து வளைந்து தொங்கும், உதிராமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டையைச் சீவினால் உள்ளே செம்பழுப்புக் கறை தெரியும். கறை முடியும் இடத்துக்குக் கீழே சிறிய கிளையில் 30 செ.மீ., பெரிய கிளையில் 60 செ.மீ. விட்டு வெட்டி, வெட்டியதை எரித்துவிட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்தரியைக் கிருமிநாசினியில் துடைப்பது கட்டாயம்.

பழத்தில் வளையம் வளையமாக வெளிறிய பருக்கள் எழும்பினால் அது பழுப்பு அழுகல். அப்பழத்தை உடனே பறித்து அப்புறப்படுத்துங்கள். கிளையிலேயே சுருங்கிக் காய்ந்து தொங்கும் பழங்கள் அடுத்த ஆண்டுக்கு நோயை எடுத்துச் செல்லும். தளிர்களில் வெண்பொடி படிந்தால் அது சாம்பல் நோய்; வேர் காய்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே அறிகுறி, தண்ணீர் ஊற்றி மூடாக்கைப் புதுப்பியுங்கள். ஆப்பிளைத் துளைக்கும் காட்லிங் அந்துப்பூச்சியின் புழு இப்பழத்தையும் சில ஆண்டுகளில் துளைக்கும். பெண்பூச்சியின் மணத்தைக் காட்டி ஆண்பூச்சிகளை ஈர்க்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றை மே மாதத்தில் தொங்கவிட்டால் ஆண்பூச்சிகள் குறையும்.

அறுவடையும் சேமிப்பும்

இப்பழத்தைப் பறிப்பதில் பொறுமை வேண்டும். செப்டம்பரில் பெரிதாகத் தெரிந்தாலும் அது பச்சைக்காயே. அக்டோபர் நடுப்பகுதி வரையும், பனி கடுமையாகாவிட்டால் அம்மாத இறுதி வரையும் மரத்திலேயே விட்டுவைத்தால்தான் மணமும் நிறமும் முழுமை பெறும். பச்சை முழுவதும் மறைந்து பொன்மஞ்சளாகியிருப்பது ஓர் அடையாளம். தோலைப் போர்த்தியிருக்கும் சாம்பல்நிறப் பூம்பஞ்சு விரலால் தேய்த்த மாத்திரத்தில் உருண்டு வந்துவிடுவது இன்னோர் அடையாளம். கடும் உறைபனி பழத்தைக் கெடுத்துவிடும் என்பதால், அந்த முன்னறிவிப்பு வந்த அன்றே மீதி எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள். மறுபுறம், அளவுக்கு மீறி மரத்தில் நின்ற பழங்களுக்கு உட்சதை பழுப்பாகும் குறை வரும்.

கல்போல் கெட்டியாக இருப்பதால் இப்பழத்தைப் பலர் எறிந்து கையாள்கிறார்கள். அது தவறு. இதன் தோல் எளிதில் கன்றிப்போகும், கன்றிய இடத்திலிருந்து அழுகும். பழத்தைக் கையால் தாங்கி, சற்றே உயர்த்தித் திருகி எடுத்து, அகலமான தட்டில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, குளிர்ந்த, உலர்ந்த, வெளிச்சம் படாத அறையில் வையுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் வரை கெடாமல் இருக்கும். ஆப்பிளையும் பேரிக்காயையும் அதே அறையில் வைத்தால் அவற்றில் இதன் மணம் ஏறிவிடும். ஒரே ஒரு பழம் ஓர் அறை முழுவதையும் மணக்கச் செய்யும் ஆற்றலுடையது.

சமையலுக்கு

தென் இங்கிலாந்தில் விளையும் பழத்தைப் பச்சையாகக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு மட்டுமே மிஞ்சும். அதே பழத்தைத் துண்டாக்கி, சிறிது சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, மூடிய பாத்திரத்தில் இரண்டு மணிநேரம் மெல்லிய தீயில் வேகவைத்தால், வெளிறிய சதை முதலில் ரோஜா நிறமும் பிறகு மாணிக்கச் சிவப்பும் பெறும். பழத்தில் நிறமற்றிருக்கும் துவர்ப்புப் பொருள்கள் சூட்டிலும் புளிப்பிலும் உடைந்து சிவப்பு நிறமிகளாக மாறுவதே காரணம்.

பாகை உறையச் செய்யும் பெக்டின் என்ற பொருள் மிகுந்த பழம் என்பதால் ஜெல்லியும் ஜாமும் தாமாகவே உறையும். ஸ்பெயினில் மெம்பிரியோ என்ற பெயரில் பாலாடைக்கட்டியோடு பரிமாறப்படும் கெட்டிப் பழப்பாகு செய்வதும் கடினமன்று. பழத்தை மென்மையாகும்வரை வேகவைத்து மசித்து, அதன் எடைக்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ சர்க்கரை சேர்த்து, அடிகனமான பாத்திரத்தில் ஒரு மணிநேரத்துக்கு மேல் கிளற வேண்டும். கரண்டியால் கோடு கிழித்தால் அடிப்பாகம் தெரிந்து மெதுவாக மூடும் பதத்தில் தட்டில் கொட்டி ஆறவிடுங்கள். அல்வா கிளறிய அனுபவம் உள்ளவர்களுக்குப் பதம் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் இது அதைவிட மூர்க்கமாகத் தெறிக்கும். நீண்ட கரண்டியும் முழுக்கைச் சட்டையும் அவசியம். ஈரானில் இப்பழத்தை இறைச்சிக் குழம்பில் சேர்ப்பார்கள். காஷ்மீரில் கத்தரிக்காயோடு சேர்த்துக் கறி வைப்பார்கள். துவர்ப்பும் புளிப்பும் காரத்தோடு எவ்வளவு நன்றாகப் பொருந்துகின்றன என்பதைக் காண, மாங்காய்த் தொக்கு செய்யும் முறையிலேயே இதைத் துருவித் தாளித்துப் பாருங்கள்.

விதைகளை எறிந்துவிட வேண்டாம். யுனானி மருத்துவத்தில் பிஹிதானா என்று வழங்கும் இவ்விதைகளை முழுதாகத் தண்ணீரில் ஊறவைத்தால் கொழகொழப்பான நீர் கிடைக்கும். தொண்டைக் கரகரப்புக்கும் வறட்டு இருமலுக்கும் அதைக் கொடுப்பது மரபு. விதைகளை இடிக்கவோ மெல்லவோ கூடாது. உடைந்தால் சயனைடு வெளிப்படுத்தும் பொருள் அவற்றுள் இருக்கிறது. ஊறிய நீரை வடிகட்டி எடுத்துவிட்டு விதைகளை அப்புறப்படுத்துங்கள்.

மரம் நன்கு வேரூன்றிய பிறகு அதிலிருந்தே புதிய கன்றுகள் எடுக்கலாம். நவம்பரில், அந்த ஆண்டு வளர்ந்த பென்சில் கனமுள்ள குச்சிகளை 25 செ.மீ. நீளத்தில், கணுவுக்குக் கீழே நேராகவும் மேல்முனையில் சாய்வாகவும் வெட்டி, மணல் கலந்த பாத்தியில் மூன்றில் இரண்டு பங்கு புதையுமாறு ஊன்றிவிட்டால், அடுத்த இலையுதிர்காலத்துக்குள் அவற்றில் பல வேர்பிடித்திருக்கும். ஒட்டு இல்லாத இக்கன்றுகள் தாய்மரத்தின் வகையையே கொடுக்கும். அவற்றின் அடியிலிருந்து எழும் பக்கக்கன்றுகளும் அதே வகையாக இருப்பதால், அவற்றை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட்டுக்கொள்ளலாம்.